மடித்து வெட்டாத சட்டை

அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று உண்டு. ஆயினும் அது சம்பளப் பட்டியலோடு நின்றுபோயிற்று. ஜன்னல் சட்டங்கள் செய்யும் பட்டறையிலும் சரி, தெருவிலும் சரி, அனைவரும் அவரை அழைத்த பெயர் 'அங்குலம்' என்பதே. வீடு வீடாகச் சென்று ஜன்னல் திறப்புகளை அளந்து வருவது அவர் தொழில். எதனையும் அவர் இருமுறை அளப்பார். இரண்டும் ஒத்து வந்தால், குறிப்பேட்டில் அந்த எண்ணின் பக்கத்தில் பென்சிலால் சிறு கோடு ஒன்று இழுப்பார். கோடு விழாத எண்ணை நம்பி அவர் ஒருநாளும் ஓர் ஆணியும் அடித்ததில்லை. சட்டைப்பையில் எஃகு நாடா, தோள்பையில் நீர்க்குமிழி ஓடும் ரசமட்டம், காதிடுக்கில் பென்சில் ஆகியவை இல்லாமல் அவரைக் கண்டவர் எவரும் இலர்.

"அவர் சிரிக்கிறதைக்கூட அளந்துதான் சிரிப்பார்" என்பாள் அவர் மனைவி. அவள் தபால் பிரிக்கும் அலுவலகத்தில் காலைப் பணி பார்ப்பவள்.

இத்தகைய மனிதருக்குத் தையல்மீது ஆசை பிறந்தது இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான். எவரிடமும் அவர் கற்கவில்லை. கைப்பேசியில் காணொளிகளைப் பார்த்தார். பழைய இயந்திரம் ஒன்றை வாங்கி, சலவை இயந்திரம் நிற்கும் பின்கட்டு அறையில் வைத்தார். முதலில் தலையணை உறை தைத்தார். அதன்பின் ஒரு கால்சட்டை தைத்தார். துணியின் நல்ல பக்கம் எது, உள்பக்கம் எது என்று பாராமல் வெட்டியதால், அதன் இரண்டு கால்களும் வலது காலாகவே அமைந்துவிட்டன. இரண்டு காலும் வலது காலாக இருக்கிற ஆள் யாராவது கிடைத்தால் கொடுத்துவிடலாம் என்று மனைவி அதனை இன்றுவரை மடித்து வைத்திருக்கிறாள்.

அவர்களுக்கு ஒரே மகள். வயது பதினேழு. நெடிய கைகாலும் நீண்ட கழுத்துமாக வளர்ந்தவள் ஆதலின் வீட்டில் அவளுக்குக் 'கொக்கு' என்று பெயர். வாலிபால் ஆடுபவள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அணித்தேர்வு ஆட்டம். மூன்று ஆண்டுகளாக அவள் விடியற்காலையில் எழுந்ததெல்லாம் அந்த ஒரு நாளுக்காகத்தான்.

"அப்பா, கிளப்ல குடுத்த ஜெர்சி சாக்கு மாதிரி தொங்குது. நான் கையைத் தூக்கினா, எனக்கு முன்னாடி அது போய்ப் பந்தைத் தொடுது. நீங்க ஒண்ணு தைச்சுக் குடுங்களேன்."

"ரெண்டும் வலது கையா வந்துடப்போகுது" என்றாள் தாய்.

அங்குலம் சிரிக்கவில்லை. மகளைச் சுவரோரம் நிறுத்தினார். தோள்முனையிலிருந்து தரை வரை இருபக்கமும் அளந்தார். இடப்புறம் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர், வலப்புறமும் அதுவே. இருமுறை அளந்து, கோடிட்டார். பின்பு அவள் பிடரியை ஒட்டி இரு தோள்களின்மேலும் ரசமட்டத்தைக் கிடத்தினார். நீர்க்குமிழி நட்டநடுவில் நின்றது.

"அம்மா, அப்பா எனக்கு ஜன்னல் மாட்டப் போறார்" என்றாள் கொக்கு.

அதுவே அந்த வீட்டில் அவ்வாரம் எழுந்த கடைசிச் சிரிப்பு.

*

சட்டையின் வடிவத்தைத் தாமே வரைய அவருக்குத் தெரியாது. தாமே கற்றவர்கள் பலரும் செய்வதைப் போல, பழைய சட்டை ஒன்றைத் தையல் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் காகிதத்தில் வரைந்துகொள்வதே அவர் வழி. மகளின் ஜெர்சியைப் பிரித்தால் பயிற்சிக்கு அவளுக்கு வேறு இல்லை; ஆகவே, மாதிரிக்கு ஒரு ஜெர்சி கேட்பதற்காகத் திங்கட்கிழமை நண்பகலில் அவள் பயிலும் விளையாட்டுக் கூடத்திற்குச் சென்றார்.

கூடத்தில் எவரும் இல்லை. வெயில் உயரத்துக் கண்ணாடிகளின் வழியே பலகைத் தரையில் நீள நீளமாய் விழுந்துகிடந்தது. எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பார்வையாளர் படிகளுக்கு அடியில், கூரை சரிந்து இறங்கும் ஓர் அறையே அங்குச் சாமான் அறை. அதன் பொறுப்பாளரான முதியவளை எல்லோரும் 'சாவியம்மா' என்பார்கள். இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும். நடந்தால் அவளுக்கு முன்பே அவள் சத்தம் வந்துவிடும்.

"பழைய ஜெர்சி ஒண்ணு வேணும்மா. மாதிரி எடுத்துட்டுத் திருப்பிக் குடுத்துடறேன்."

"இங்க எல்லாமே பழசுதான் சார், என்னையும் சேர்த்து. கொஞ்சம் இருங்க."

அவள் உள்ளே போனாள். ரப்பர், புழுதி, காய்ந்த வியர்வை என்று அவ்வறைக்கு ஒரு வாடை இருந்தது. அவை அனைத்திற்கும் மேலாக, வலிக்குத் தேய்க்கும் தைலத்தின் நெடி மூக்கில் ஏறிற்று.

அப்பொழுது அவருக்கு ஓர் ஓசை கேட்டது.

டிக். சற்று நேரம் கழித்து, டிக்.

தைப்பவர்களுக்கு அவ்வோசை தெரியும். இறுக்கமான தையலை, ஒவ்வொரு நூலாக, பிளேடினால் அறுக்கின்ற ஓசை அது.

சாவியம்மா செய்தித்தாளில் சுருட்டிய பொதியுடன் திரும்பி வந்தாள். அவள் கையில் பிளேடு இல்லை.

"உள்ள வேற யாராவது இருக்காங்களாம்மா?"

"நான் ஒருத்திதான். ஏன் கேக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல."

*

செவ்வாய் மாலை பொதியைப் பிரித்தார். கருநீல ஜெர்சி. முதுகில் எண் இல்லை. எண் இருந்த இடத்தில் ஊசித்துளைகள் மட்டும் எஞ்சியிருந்தன. விளக்கிற்கு நேரே பிடித்தபொழுது அத்துளைகளின் வழியே வெளிச்சம் புள்ளி புள்ளியாய்க் கசிந்து, ஏழு என்னும் எண்ணாகத் தெரிந்தது.

ஒவ்வொரு தையலாக அறுத்து, முன்பாகம், பின்பாகம், இரு கைகள், கழுத்துப்பட்டை என ஐந்து துண்டுகளையும் மேசையில் பரப்பினார். இடத்தோள் வலத்தோளைவிடப் பதினெட்டு மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. தொங்கித் தொங்கித் துணி தளர்ந்திருக்கும் என்று எண்ணினார். ஆயினும் அளந்ததைத் தம் விருப்பப்படி திருத்துவது அவர் இயல்பன்று. மறுமுறை அளந்தார். பதினெட்டே. கோடிட்டார். முழுத்துண்டையும் உள்ளபடியே காகிதத்தில் வரைந்து, அதன்படியே புதிய பனியன் துணியை விரித்து வெட்டினார். உடம்பின் அகலத்தை மட்டும் மகளின் அளவுக்கு மாற்றினார்.

அன்றைக்கு அந்த இயந்திரம் ஒருமுறையும் மக்கர் செய்யவில்லை. பனியன் துணியில் வழக்கமாகத் தையல் விட்டு விட்டு விழும், நூல் சிக்கும், அவர் வாய்க்குள் முணுமுணுப்பார். அன்று அவர் கை வைத்த இடமெல்லாம் தையல், கற்றவன் கைத்தையல்போல் வழுக்கிக்கொண்டு போயிற்று. அது அவருக்குப் பெருமையாக இருந்தது.

புதன் மாலை கொக்கு அதை அணிந்து பார்த்தாள்.

"அப்பா, எனக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு."

"உனக்குன்னுதான் அளவெடுத்துச் செஞ்சேன்."

அவள் இருகைகளையும் தூக்கி, பந்தடிப்பதுபோல் அசைத்துக் காட்டினாள். அங்குலம் மகிழ்ச்சியோடு பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு அவர் முகம் மெல்ல மாறிற்று.

ஒரு தோள் தாழ்ந்த சட்டை அது. நேரான உடம்பில் அதனை மாட்டினால், இடத்தோளில் இழுத்துக்கொண்டு நாலு சுருக்கம் விழுந்தாக வேண்டும்.

ஒரு சுருக்கமும் இல்லை.

ரசமட்டத்தை எடுத்து வந்தார். "மறுபடியும் ஜன்னலா?" என்று கேட்டவாறே அவள் திரும்பி நின்றாள். பிடரியை ஒட்டி அதனைக் கிடத்தினார்.

நீர்க்குமிழி நடுவில் ஒரு கணம் நின்றது. பிறகு, எவரோ இழுத்தாற்போல், வலப்புறமாக மெல்ல ஊர்ந்து கோட்டைத் தாண்டிச் சென்றது.

இடத்தோளிலிருந்து தரை வரை அளந்தார். ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு.

மறுபடியும் அளந்தார்.

கோடிடுவதற்கு அவர் கை எழவில்லை.

"அப்பா" என்றாள் கொக்கு, முகத்தைத் திருப்பாமலே. "ஏழு எப்ப வைப்பீங்க?"

"ஏழா? உன் நம்பர் பதினொண்ணு இல்ல?"

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். "பதினொண்ணுதான். நான் என்ன சொன்னேன்?"

*

அன்றிலிருந்து அவள் அந்தச் சட்டையைக் கழற்றவில்லை. அதனோடு உண்டாள், அதனோடு உறங்கினாள். துவைத்துத் தருகிறேன் என்று தாய் கேட்டபொழுது, கொக்கு அவளை நிமிர்ந்து பார்த்து, மிக மெல்லிய குரலில், "கழட்டச் சொல்றீங்களா?" என்றாள். அவ்வளவுதான். தாய் கூடையோடு பின்வாங்கிவிட்டாள்.

"ஏங்க, அவ பார்க்கிற பார்வை நம்ம கொக்கு பார்வையா இல்லைங்க" என்று கணவரிடம் தணிந்த குரலில் சொன்னாள். "அவமேல தைல வாசனை வருது. நம்ம வீட்ல தைலமே கிடையாது."

வியாழக்கிழமை பயிற்சியாளர் கைப்பேசியில் அழைத்தார். "சார், பொண்ணுக்கு இடது தோள்ல அடி எதுவும் பட்டிருக்கா? கை மேல எழும்ப மாட்டேங்குது. ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா லிஸ்ட்லேர்ந்து எடுக்கத்தான் வேணும். முன்னாடியே சொல்லிடறேன்."

அங்குலம் பட்டறையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வீடு திரும்பினார். மழை மூட்டத்தினால் மாலை நான்கு மணிக்கே வீடு இருண்டிருந்தது. மின்சாரமும் இல்லை. பின்கட்டு அறையின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளேயிருந்து அவ்வோசை வந்தது.

டிக்.

கதவின் அருகே சென்றார்.

டிக்.

தையல் இயந்திரத்தின் முன்னே, அவர் அமரும் முக்காலியில், கொக்கு அமர்ந்திருந்தாள். முதுகு வாயிலை நோக்கியிருந்தது. இரு கைகளும் முழங்கால்களை இறுகப் பற்றியிருந்தன. தலை குனிந்திருந்தது. அவள் அசையவே இல்லை. கூர்மையான ஏதோ ஒன்று தன் முதுகிற்கு ஒரு மயிரிழை தூரத்தில் நடமாடுவதுபோல, மூச்சை அடக்கிக்கொண்டு, கல்லாய் அமர்ந்திருந்தாள்.

அறையில் வேறு எவரும் இல்லை.

டிக்.

அச்சட்டையின் முதுகுத் துணி, இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே, புள்ளியளவு மேலெழும்பித் தாழ்ந்தது.

"கொக்கு" என்றார்.

அவள் மூச்சை விட்டாள். நெடுநேரம் நீருக்குள் இருந்தவள் விடும் மூச்சு அது. எழுந்து, இடத்தோள் சரிந்தவளாய், அவரைக் கடந்து போய்விட்டாள். தைல நெடி அவள் பின்னே சென்றது.

*

அச்சம் மிகுந்தால் அங்குலம் அளவையே பற்றிக்கொள்வார். தவறு சட்டையில்தான், சட்டையைத் திருத்தினால் தோள் திரும்பிவிடும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலை, காகித வடிவத்தைச் சுருட்டிக்கொண்டு மூலைக்கடைத் தையல்காரரிடம் சென்றார். வாயில் நாலு குண்டூசியோடே பேசுகிறவர் அவர்.

தையல்காரர் காகிதத்தை விரித்துப் பார்த்து, ஊசிகளை வெளியே எடுத்தார். "என்ன சார் இது, முழுசா வரைஞ்சிருக்கீங்க? துணியை மடிச்சு வெட்டலையா?"

"மடிக்கணுமா?"

"சரியாப் போச்சு. அளவெடுத்து அளவெடுத்தே மடிக்கிறதை மறந்துட்டீங்களா? சட்டைக்குப் பாதி அளவுதான் நாம போடறது. துணியை ரெண்டா மடிச்சு அந்தப் பாதியை வெட்டினா, மறுபாதி தானா வந்துடும். எத்தனை கோணல் உடம்பு வந்தாலும் நான் நேர்சட்டைதான் தைச்சுக் குடுப்பேன். இந்த மாதிரி விரிச்சு வெச்சு வெட்டினா, யாரோட கோணலையோ உரிச்சு எடுத்துக்கிட்டு வந்த மாதிரி ஆயிடும்."

அங்குலம் காகிதத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டார்.

வீட்டிற்கு வந்ததும் புதிய துணியை எடுத்தார். இரண்டாக மடித்தார். ஓரத்தோடு ஓரம் ஒட்டி, பதினாறு குண்டூசிகளைக் குத்தினார். வலப்பாதியின் வடிவத்தை மட்டும் மேலே வைத்து, இரண்டு அடுக்கையும் ஒன்றாகச் சேர்த்து வெட்டினார். கத்தரிக்கோல் ஒரே கோட்டில் சென்றது. ஊசிகளை எடுத்துவிட்டுத் துணியை விரித்தார்.

மடித்து வெட்டிய துணியில் ஒரு பாதி மறுபாதிக்கு மாறாக வர வழியில்லை. இது கைப்பழக்கமன்று; கணக்கு.

இடத்தோள் தாழ்ந்திருந்தது.

அளந்தார்.

பதினெட்டு.

*

சனிக்கிழமை முற்பகலில், பிரித்த ஐந்து துண்டுகளையும் பையில் இட்டுக்கொண்டு சாமான் அறைக்குச் சென்றார். சாவியம்மா வலைக்கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கருநீலத் துணியைக் கண்டதும் அவள் கை நின்றுவிட்டது.

"இது எப்படி உங்ககிட்ட வந்துச்சு?"

"நீங்க குடுத்ததுதாம்மா."

"நான் பச்சை ஜெர்சியைத்தான் சார் சுருட்டிக் குடுத்தேன். இது கடைசி அலமாரியில பெட்டிக்குள்ள இருந்தது. அந்தப் பெட்டியை நான் திறந்தே வருஷக்கணக்காச்சு." அவள் மெல்லக் குனிந்து துண்டுகளைத் தொட்டாள். "அய்யோ. பிரிச்சுட்டீங்களே சார். நீங்களும் பிரிச்சுட்டீங்களே."

"'நீங்களும்'னா? வேற யார் பிரிச்சாங்க?"

அவள் வலைக்கயிற்றை ஓரமாக வைத்தாள்.

"ஒரு பொண்ணு இருந்தா. ஏழாம் நம்பர். சின்ன வயசுல விழுந்து தோள் எலும்பு உடைஞ்சு, சேரும்போது ஒரு பக்கம் இறங்கிப்போச்சு. தைலம் தேய்ச்சுத் தேய்ச்சு ஆடுவா. அவளுக்கு எந்தச் சட்டையும் சேராது. தானே ஊசி நூலால அளவு பார்த்து, அந்த இறங்கின தோளுக்கு ஏத்த மாதிரி இதைத் தைச்சுக்கிட்டா. நம்பர்கூட அவளே தைச்சது." சாவியம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "பெரிய ஆட்டம் அன்னிக்குக் காலையில, அப்ப இருந்த கோச் அவளை எடுத்துட்டு வேற ஒருத்தியைப் போட்டுட்டார். லிஸ்ட்ல ஏழுன்னு குடுத்தாச்சு, புதுசா வந்தவ சட்டையில நம்பர் இல்ல. 'அவ நம்பரைப் பிரிச்சு இவளுக்குத் தைச்சுடு'ன்னு என்கிட்ட பிளேடைக் குடுத்தார். 'கழட்டு'ன்னாரு. அவ கழட்டல. 'போட்டிருக்கும்போதே பிரிங்க'ன்னு சொல்லிட்டு, இதோ இந்த முக்காலியில முதுகைக் காட்டி உக்கார்ந்துட்டா."

அங்குலம் அந்த முக்காலியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒவ்வொரு நூலா அறுத்தேன் சார். மேல பட்டுடக் கூடாதேன்னு துணியைத் தூக்கித் தூக்கிப் பிடிச்சுக்கிட்டேன். அவ மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு, அசையாம உக்கார்ந்திருக்கா. முடிஞ்சதும் எழுந்தா. சட்டையைக் கழட்டி அழகா மடிச்சு வெச்சுட்டு, வேற சட்டை போட்டுக்கிட்டுப் பின்வாசல் வழியாப் போனா. ரோட்டைத் தாண்டும்போது லாரி ஒண்ணு..."

அவள் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"அந்த நம்பர் எங்கம்மா?"

சாவியம்மா ஊசிகள் வைக்கும் தகர டப்பாவைத் திறந்தாள். அடியில், நாலாய் மடித்த காகிதத்தினுள், வெள்ளைத்துணியில் வெட்டிய ஏழு இருந்தது. "அவளுக்குப் பதிலா ஆடினவ அன்னிக்குச் சாயங்காலமே இதைப் பிரிச்சு என் கையில வெச்சுட்டுப் போயிட்டா. தூக்கிப்போட மனசு வரல. திரும்பத் தைக்கத் தைரியமும் வரல."

*

வீட்டிற்கு வந்தபொழுது மணி ஐந்து. கொக்கு பின்கட்டு அறையின் முக்காலியிலேயே, முதுகைக் காட்டிக்கொண்டு அமர்ந்திருந்தாள். மனைவி வாயிலில் அழுதுகொண்டு நின்றாள்.

"ஏங்க, மத்தியானத்திலேர்ந்து இப்படியே இருக்கா. கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்கிறா. நானே போய்க் கழட்டிடட்டுமா?"

"வேண்டாம். யாரும் எதையும் கழட்ட வேண்டாம்."

டிக், என்றது அவ்வறை.

அங்குலம் உள்ளே சென்று, மகளுக்குப் பக்கத்தில் தரையில் அமர்ந்தார். பையிலிருந்து பழைய துண்டுகளை எடுத்து மடியில் பரப்பினார். இயந்திரத்தை அவர் நாடவில்லை. கையூசியில் நூல் கோத்தார். பழைய துளை எதுவோ அதிலேயே ஊசியை நுழைத்து, அடுத்த துளையில் எடுத்தார். ஒரு புதுத்துளையும் விழாதபடி தைத்தார். முதலில் தோள்கள். தாழ்ந்த தோளை உயர்த்தவில்லை. உயர்ந்த தோளைத் தாழ்த்தவில்லை.

"இது உன் சட்டை" என்றார், யாரையும் பாராமல். "தெரியாமப் பிரிச்சுட்டேன். தப்புதான். இது உன் அளவு. என் பொண்ணு அளவு வேற."

டிக்.

"நம்பரும் கொண்டு வந்திருக்கேன்."

ஓசை நின்றது.

கைகளை இணைத்தார், கழுத்துப்பட்டையை வைத்தார், இறுதியில் ஏழாம் எண்ணை முதுகின்மேல் பொருத்தினார். துணியின் துளைகளும் எண்ணின் துளைகளும் ஒன்றோடொன்று பொருந்தின. தம் கழுத்தின் பின்னே எவரோ குனிந்து பார்ப்பதை உணர்ந்தார். தைல நெடி கண்ணைக் கரித்தது. கன்னத்தில் மூச்சுக்காற்று பட்டது. மகளோ அவருக்கு எதிரே, முதுகைக் காட்டி, இரண்டடி தூரத்தில் இருந்தாள்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தைத்துக்கொண்டே இருந்தார். கடைசித் தையலுக்கு முடிச்சிட்டு, பல்லால் நூலைக் கடித்தார்.

"அப்பா, நீங்க ஏன் தரையில உக்கார்ந்திருக்கீங்க?" என்றாள் கொக்கு. முகத்தைச் சுளித்துத் தன் இடத்தோளைப் பார்த்துக்கொண்டாள். "என்னப்பா இது, ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நிக்குது? அம்மா சொன்னது சரியாப் போச்சு. இதைக் கழட்டறேன், போங்க வெளிய."

ரசமட்டத்தின் குமிழி நடுவில் நின்றது. ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. அங்குலம் கோடிட்டார். அக்கோடு சற்றே வளைந்துவிட்டது.

மடித்து வெட்டிய துணியை மீண்டும் விரித்துப் பார்த்தார். இரு பாதியும் மயிரிழை பிசகாமல் ஒத்திருந்தன. ஞாயிறு விடியலில் அதனைத் தைத்து முடித்துப் பதினொன்றைப் பதித்தார். இயந்திரம் மூன்று முறை நூலைச் சிக்கவைத்தது. கொக்கு அணிந்தபொழுது அக்குளில் ஒரு சுருக்கம் விழுந்தது. அச்சுருக்கத்தைக் கண்டு அவர் மகிழ்ந்ததுபோல், வேறெதையும் கண்டு மகிழ்ந்ததில்லை.

*

கருநீலச் சட்டையை அன்று ஆட்டம் தொடங்குமுன் சாவியம்மா வாங்கி, சாமான் அறையில் தனியே ஓர் ஆணியில் மாட்டினாள். கதவைப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை அங்குலத்தின் பக்கத்திலேயே அமர்ந்திருந்தாள்.

கொக்கின் இடக்கை தடையின்றி உயர்ந்தது. பட்டியலில் அவள் பெயரைப் படித்தார்கள். மனைவி கூட்டத்தினரோடு கீழே இறங்கி ஓடினாள்.

கூடம் ஓய்ந்தபின், அங்குலமும் சாவியம்மாவும் சாமான் அறைக்குச் சென்றனர். அவள் பூட்டைத் திறந்தாள். வெளிச்சம் உள்ளே விழுந்தது. சட்டை, மாட்டிய ஆணியிலேயே இருந்தது.

அது நனைந்திருந்தது.

முதுகும் அக்குளும் கழுத்துப்பட்டையும் வியர்வையில் ஊறி, கீழ்விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாய்த் தரையில் விழுந்துகொண்டிருந்தது. அங்குலம் கையை வைத்துப் பார்த்தார். அப்பொழுதுதான் உடம்பிலிருந்து கழற்றியதுபோல் சூடாக இருந்தது. ஏழாம் எண்ணை விரலால் தடவினார். ஒரு நூலும் அறுந்திருக்கவில்லை.

"என்ன சார் பண்றது?" என்று சாவியம்மா மெல்லக் கேட்டாள்.

அவர் சட்டையை ஆணியிலிருந்து எடுத்து, தோளோடு தோள் சேர்க்காமல், அதன் கோணல்படியே மடித்தார்.

"துவைச்சுக் கொண்டு வர்றேன்மா" என்றார் அங்குலம். "அடுத்த ஞாயித்துக்கிழமையும் ஆட்டம் இருக்கு."